பேட்ஜுக்குப் பின்னால் ஆள் இல்லை

"பேட்ஜ யாரு தொங்கப்போட்டான்னு நான் கேக்கவே இல்ல அண்ணாச்சி. எதுல தொங்கப்போட்டிய, அத மட்டும் சொல்லுங்க."

"எதுல தொங்கப்போடுவோம்? நெஞ்சுலதான்."

"பதினாலு பேரு நெஞ்சும் ஒண்ணுபோல நியூட்ரான் வாங்குதாக்கும்? ஒருத்தர் வெல்டரு, ஒருத்தர் கூட்டித் துடைக்கிறவரு. ரெண்டு பேருக்கும் நாள் தவறாம ஒரே ரீடிங்கு. ரெட்டப் பிள்ளையளுக்குக்கூட அப்படி வராது."

ராஜமிக்கேல் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கேன்டீனில் அந்த நேரத்துக்கு அவர்கள் இருவரையும் தவிர யாருமில்லை. உலைக் கூடத்தில் வேலை செய்யும் ஒப்பந்த ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. எதிரே உட்கார்ந்திருந்த ஜெனோவா டோஸ் ரூம் டெக்னீசியன். வேம்படித்துறை இணைவு மின் நிலையத்தில் யார் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. இணைவு உலை என்றால் சூரியனில் நடப்பதை ஒரு இரும்புக் குடத்துக்குள் நடத்துவது. கரண்ட் வரும், கூடவே நியூட்ரானும் வரும். அதற்குத்தான் ஆளுக்கொரு பேட்ஜ். தீப்பெட்டி அளவு, உள்ளே ஒரு சிலிக்கான் சில்லு. நெஞ்சில் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும், கழற்றி வைத்தால் ஊளையிடும். மூன்று மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு கோட்டா உண்டு. அது முடிந்தால் கேட் திறக்காது, அடுத்த மூன்று மாதம் பிறக்கும்வரை கூலி இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

"சொன்னா எத்தன பேருக்கு கேட் பாஸ் பறிபோகும்?" என்று கேட்டார் ராஜமிக்கேல்.

"ஒருத்தருக்கும் போகாது. பேரே எழுத மாட்டேன்."

அவர் டீ கிளாஸைத் திரும்ப எடுத்தார். பிறகு சிரித்தார்.

"மேசையில கழத்தி வச்சா ஊளையிடுது. பைப்புல மாட்டுனா ஊளையிடுது. நம்ம செல்வின் பய ஒரு நாளு தண்ணி பாட்டில்ல ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுனான் பாத்துக்கோ. ரெண்டு லிட்டர் பாட்டிலு. கம்முனு கெடக்கு. மனுசன் மேலதான் கெடக்கோம்னு நெனச்சுட்டு."

ஜெனோவாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அது சரியாத்தான் நெனச்சிருக்கு அண்ணாச்சி. நியூட்ரான் உடம்புக்குள்ள பூந்து, அங்க உள்ள தண்ணியில முட்டி மோதி, வேகம் கொறஞ்சு வெளிய வரும். அப்படித் திரும்பி வாறதத்தான் அந்தச் சில்லு எண்ணுது. பின்னால ஆளு இல்லன்னா திரும்பி வர ஒண்ணும் இருக்காது. ஆளுன்னா அதுக்குத் தண்ணிப்பைதான்."

"பாத்தியா, நாங்களும் விஞ்ஞானிதான்."

"எங்க தொங்கப்போடுதிய?"

"லாண்டரி ஷெட்டுல. துணி காயப்போடுத கம்பியில, சட்டைக்குள்ள மறைச்சு. அசையாம இருந்தா கத்துமே, அதுக்குப் பொம்பளைய போறப்ப வாறப்ப ஒரு ஆட்டு ஆட்டி விடுவாவ."

"அம்புட்டுத் தூரம் எதுக்கு? இங்க கேன்டீன்லயே ஒளிச்சு வைக்கலாம்லா?"

"கேன்டீன்ல சைபருலா வரும் தங்கச்சி. சைபர் வந்தா மாட்டிக்கிடுவோம். லாண்டரியிலன்னா கொஞ்சங் கொஞ்சமா ஏறும். உள்ள போயி வேல பாத்தவன் மாதிரியே இருக்கும்."

அந்த வாக்கியம் ஜெனோவாவின் காதில் அன்றைக்கே விழுந்தது. மண்டையில் விழ ஆறு வாரம் ஆனது.

அன்றைக்கு அவள் நினைப்பெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. போன வருடம் ரத்தப் புற்றுநோயில் செத்துப்போன ஒரு வெல்டரின் பேட்ஜ் ரீடிங் பச்சைப்பிள்ளை மாதிரி சுத்தமாக இருந்தது. சாவுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று அவள்தான் டைப் அடித்துக் கொடுத்தாள். இனிமேல் அப்படி ஒரு காகிதம் தன் கையால் போகக்கூடாது என்று முடிவெடுத்திருந்தாள்.

"ரெண்டே ரெண்டு வாரம் அந்தப் பாட்டில் எல்லாம் அப்படியே தொங்கட்டும். எனக்கு மாதிரி ரீடிங்கு வேணும். ஆளுக்கும் பாட்டிலுக்கும் வித்தியாசம் தெரியுற மாதிரி பேட்ஜுக்குச் சொல்லிக்குடுக்கப் போறேன்."

"எங்க சோத்துல மண்ணப் போட எங்ககிட்டயே மாதிரி கேக்கியோ?"

"உங்க உசிருக்குத்தான் அண்ணாச்சி கேக்கேன்."

அவர் எழுந்து போனார். ஆனால் பாட்டில்களை எடுக்கவில்லை.

இரண்டு வாரத்தில் நாலாயிரம் சொச்சம் மாதிரி சேர்ந்தது. பாட்டிலில் இருந்து வந்த ஒவ்வொன்றுக்கும் 'ஆள் இல்லை' என்று பெயர் வைத்தாள். உலைக் கூடத்தில், கண்ட்ரோல் ரூமில், கேட்டில் நடமாடும் ஆட்களிடமிருந்து வந்ததற்கெல்லாம் 'ஆள் உண்டு' என்று பெயர் வைத்தாள். இரண்டையும் சேர்த்துக் கணினிக்குக் கொடுத்தால், வித்தியாசத்தை அதுவாகவே கற்றுக்கொள்ளும். கற்றும் கொண்டது. சோதித்துப் பார்த்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொன்னது.

அவள் மேலதிகாரி தணிகாசலத்துக்கு ஒரே சந்தோஷம்.

"பிரமாதம்மா. ஆனா ஒண்ணு. ஆள் இல்லைன்னு தெரிஞ்சா பேட்ஜ் கத்தக் கூடாது. கத்தினா இவங்க பாட்டிலை விட்டுட்டு வேற ஏதாவது கண்டுபிடிப்பாங்க. சத்தம் போடாம குறிச்சு வச்சுக்கட்டும். மாசக் கடைசியில திறந்து பார்க்கும்போது அந்த ரீடிங் தானா அழிஞ்சிடணும்."

"அழியணுமா சார்?"

"ஆள் இல்லாத டோஸ் யாருக்கும்மா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எல்லா பேட்ஜுக்கும் புது மென்பொருள் போனது. இனி பாட்டிலை அது கண்டுபிடித்துவிடும் என்று தெரிந்ததும் பாட்டில்கள் கம்பியிலிருந்து இறங்கின. முதல் மாதத்திலேயே பதினோரு பேருக்குக் கோட்டா முடிந்து கேட் மூடிக்கொண்டது. ராஜமிக்கேலும் அதில் ஒருவர். பஜாரில் எதிர்ப்பட்டால் அண்ணாச்சி என்று இவள் வாயைத் திறப்பதற்குள் மனுஷன் மீன் கடைப் பக்கம் திரும்பிவிடுவார்.

ஆறாவது வாரம், பழைய பாட்டில் மாதிரிகளை அழிக்கும் வேலை அவளிடம் வந்தது. அழிக்கிறதுக்கு முன்னால் சும்மா ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் போட்டாள். கம்பியில் தொங்கிய ஒரு பாட்டில் இரண்டு வாரத்தில் வாங்கியிருந்தது, ஆபீஸில் இருக்கும் ஒரு ஆள் இரண்டு வருடத்தில் வாங்குவது.

லாண்டரியில் கொஞ்சங் கொஞ்சமாக ஏறும். ராஜமிக்கேல் சொன்னது அப்போதுதான் மண்டையில் விழுந்தது. லாண்டரி வெள்ளை ஏரியா. அங்கே எதுவுமே ஏறக்கூடாது. பேட்ஜே தேவையில்லை என்று வரைபடத்தில் வெள்ளையாக விட்ட இடம் அது.

நாற்காலியை விட்டு எழுந்து நேராக ஷெட்டுக்குப் போனாள்.

"ஏட்டி, ஆபீஸ் பிள்ளைக்கு இங்க என்ன சோலி?" என்றாள் சுயம்புக்கனி. ஷெட்டில் வேலை செய்யும் ஆறு பெண்களில் மூத்தவள் அவள்தான், மூத்தவள் என்றாலும் முப்பத்தாறு வயதுதான். உலைக்குள் போகிறவர்கள் போடும் வெள்ளை அங்கிகளைத் துவைத்துக் காயவைத்துத் தேய்த்து அடுக்குவது அவர்கள் வேலை. நாலு பெரிய சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர், தரையெல்லாம் ஈரம், மேலே வரிசையாகக் கம்பிகள்.

ஜெனோவாவின் கண் சுவரைத் தேடியது. சுயம்புக்கனியின் இஸ்திரி மேசைக்கு நேர் மேலே, ஆள் தலை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியே ஒரு குழாய் அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் உலைக் கூடம்.

"இந்த ஓட்டை எப்பம் போட்டதுக்கா?"

"வென்னித் தண்ணி பைப்புன்னு போட்டாவ. ஆறு வருசம் இருக்கும். ஏன், மழையில எலி கிலி வருதுன்னு சொல்லிட்டாளுவளா?"

ஜெனோவா அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நியூட்ரான்னா என்னட்டி அது? கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது, சுடாது, மணக்காது. காங்கிரீட் சுவரு கனமா இருந்தா நின்னுரும். ஓட்டை கெடைச்சா வந்துரும். தண்ணியக் கண்டாத்தான் ஓட்டம் நிக்கும்."

"தண்ணி லாரியக் கண்ட நம்ம தெருக்காரிய மாதிரின்னு சொல்லு."

மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

"ஆமாக்கா. நம்ம உடம்பு முக்காவாசி தண்ணி. அதனால நம்மகிட்ட வந்துதான் நிக்கும்."

சிரிப்பு நின்றது. சுயம்புக்கனி தேய்த்துக்கொண்டிருந்த அங்கியை மடித்தாள். மடிப்பு ஒரு விரல் அளவு கோணலாகப் போனது. அவள் அதைத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள்.

"கண்ணு எப்பம் இருந்து இப்படி இருக்குக்கா?"

"வருசம் ஒண்ணு ஆச்சு. நைலான் வலைக்குள்ள இருந்துட்டு பாக்க மாதிரி இருக்கு. கம்பெனி டாக்டர் சுகருன்னான். டெஸ்டு எடுத்தா சுகர் இல்ல. அப்ப வெயிலுன்னான். ஷெட்டுக்குள்ள எங்கடா வெயிலுன்னேன், அதுக்குச் சிரிக்கான். நம்ம ஜெயசெல்விக்கும் ரெக்ஸினாவுக்கும் போன வருசமே புரை அறுத்தாச்சு. அவளுவளுக்கு இன்னும் முப்பத்தஞ்சுகூட ஆவல."

நியூட்ரான் முதலில் கண் லென்ஸைத்தான் பிடிக்கும் என்று ஜெனோவா படித்திருந்தாள். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி அது.

"இப்பமே எந்திரிங்க எல்லாரும். வேற எடத்துல உக்காருங்க."

"எந்திரிச்சு எங்க போவ? நாங்க போனா நாளைக்கு வேற ஆறு பேர இட்டாந்து உக்கார வைப்பான். அது போட்டும். இது வேலையில வந்த கேடுன்னு அவன் ஒத்துக்கிட்டா சாவுத வரைக்கும் அவன்தான் வைத்தியம் பாக்கணும்னு சட்டம் இருக்காம்லா? செத்துப்போன அந்த வெல்டர் பொண்டாட்டி சொன்னா. அவளுக்குத்தான் அது கெடைக்கல."

ஜெனோவா தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்து தணிகாசலத்திடம் போனாள்.

அவர் எண்களைப் பார்த்தார். முகம் மாறியது. அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் முழுதாகப் படித்து முடிப்பதற்குள் முகத்தைப் பழையபடி ஆக்கிக்கொண்டார்.

"இதெல்லாம் பாட்டில் ரீடிங். செல்லாதுன்னு நீயும் நானும்தான் கையெழுத்துப் போட்டோம்."

"அப்ப பெரிய மீட்டர எடுத்துட்டுப் போயி அளந்து பாப்போம் சார். ஒரு மணி நேர வேலை."

"வெள்ளை ஏரியாவுக்கு மீட்டர் போகணும்னா காரணம் எழுதணும். காரணம்னா அங்க இருந்த ஒரு ஆளோட பேட்ஜ் அளவு தாண்டியிருக்கணும். விதி அதுதான்."

"அவங்களுக்கு பேட்ஜே கெடையாதே சார்."

"வெள்ளை ஏரியாவுல பேட்ஜ் தர முடியாதும்மா."

"அளவு தாண்டாம மீட்டர் வராது. பேட்ஜ் இல்லாம அளவு தாண்டாது. வெள்ளை ஏரியாவா இருக்கிறவரைக்கும் பேட்ஜ் வராது. அப்படித்தானே சார்?"

தணிகாசலம் பேனாவை மூடினார். "உயிருள்ள ஒரே ஒரு ஆளோட ரீடிங் கொண்டு வா. மீட்டரை நானே தூக்கிட்டு வரேன்."

ஜெனோவாவுக்கு பேட்ஜ் உண்டு. அவள் டெக்னீசியன். அவள் உடம்பு செல்லும்.

மறுநாளே லீவு எழுதிக்கொடுத்தாள். லீவில் இருக்கிறவள் வெள்ளை ஏரியாவில் உட்காரக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். ஓட்டைக்கு நேர் கீழே, சுயம்புக்கனியின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஒனக்கு ஏறுமே பிள்ள."

"ஏறணும்க்கா. ஏறுனாத்தான் நம்புவாவ. பதினஞ்சு நாளு இருந்தா போதும். சந்தேகத்துக்கு மூணு நாளு கூட."

"கோட்டிக்காரி." சுயம்புக்கனி குரலை இறக்கினாள். "ஒனக்குக் கல்யாணம் ஆகலட்டி இன்னும்."

"பொண்ணு பாக்க வந்தவன் எவனும் பேட்ஜ் ரீடிங் கேக்கல."

முதல் வாரம் சும்மா உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. துவைக்க உதவினாள். தொட்டிக்குள் இறங்கி அங்கிகளை மிதித்தாள். அங்கி ஈரமானால் ஒரு ஆள் கனம் கனக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது வாரம் ரெக்ஸினா ஒரு யோசனை சொன்னாள்.

"யக்கா, தண்ணியக் கண்டா அது நின்னுரும்னு சொன்னியள்லா. கேன்டீன்ல இருவது லிட்டர் கேன் குமிஞ்சு கெடக்கு. தண்ணி ரொப்பி ரெண்டு வரிசை அடுக்கி ஓட்டைய அடைச்சிருவமே."

ஜெனோவாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு லேசான விஷயம். ஒரு பொழுதில் முடிகிற வேலை.

"அடைச்சா இங்க ஒண்ணும் இல்லன்னு ஆயிரும் ரெக்ஸினா," என்றாள் மெதுவாக. "அளந்தா சைபர்தான் வரும். ஆறு வருசம் வந்ததுக்கு சாட்சி இல்லாமப் போயிரும். அளந்து முடிக்கட்டும். மறுநாளே அடுக்குவோம்."

அந்தப் பேச்சைப் பேசியது தானா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பதினெட்டு நாள். சொந்த பேட்ஜைத் தானே திறந்து பார்க்கக் கூடாது என்று விதி, அதனால் ஒரு நாள்கூட அவள் எட்டிப்பார்க்கவில்லை. பிற்பாடு யாரும் ஒரு குற்றம் சொல்லக் கூடாது. மாதக் கடைசியில் தணிகாசலமே பேட்ஜை வாங்கி ரீடரில் செருகினார். மீட்டர் எடுப்பதற்கான பாரத்தைக்கூட அவர் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார்.

திரையில் பதினெட்டு வரி வந்தது. தேதி வாரியாக, பதினெட்டும் ஒரே மாதிரி.

ஆள் இல்லை. ஆள் இல்லை. ஆள் இல்லை.

டோஸ் இருக்க வேண்டிய கட்டங்கள் காலியாக இருந்தன. ரீடிங் தானாக அழிந்திருந்தது.

"பாட்டில்ல கட்டினியா?" என்றார் தணிகாசலம்.

ஜெனோவா நின்ற நிலையிலேயே நாலாயிரம் மாதிரிகளையும் மனதுக்குள் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். 'ஆள் இல்லை' என்று பெயர் வைத்த அத்தனையும் எங்கிருந்து வந்தன? லாண்டரியிலிருந்து. 'ஆள் உண்டு' என்று பெயர் வைத்ததில் லாண்டரியிலிருந்து எத்தனை? ஒன்றுகூட இல்லை. அங்கே இருந்தவர்களுக்குத்தான் பேட்ஜே கிடையாதே.

"பாட்டில் எப்படி இருக்கும்னு அது கத்துக்கிடல சார்," என்றாள். "லாண்டரி எப்படி இருக்கும்னு கத்துக்கிட்டிருக்கு. நாலு பக்கமும் தொட்டித் தண்ணி, ஈரத் துணி, எல்லாத்துல இருந்தும் நியூட்ரான் திரும்பி வரும். அப்படி வந்தா அங்க ஆளு இல்லன்னு அர்த்தம். நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

தணிகாசலம் திரையில் பதினெட்டு வரியையும் விரலால் தொட்டு எண்ணினார்.

"உன் ரத்தத்தைச் சோதிச்சா தெரியுமா?"

"தெரியணும்னா இதப்போல பல மடங்கு ஏறியிருக்கணும் சார். எனக்குப் பதினெட்டு நாள்தான். அவங்களுக்கு ஏறினது கொஞ்சங் கொஞ்சமா. பழசெல்லாம் ரத்தத்துல இருந்து மறைஞ்சுக்கிட்டே வரும்."

"மென்பொருளை எடுத்துட்டா?"

"எடுத்தா பாட்டில் திரும்பி வரும்."

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே ஆறு புது பேட்ஜ்.

"மறுபடியும் சொல்லிக்கொடு. லாண்டரியில ஆள் இருந்தா எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியணும். ஆறு பேர், மூணு மாசம், தினமும் எட்டு மணி நேரம். அவ்வளவு மாதிரி இருந்தாத்தான் தலைமை ஆபீஸ் ஒத்துக்கும். அதுக்கப்புறம் அந்த ரீடிங்கை வச்சு உன்னோட பதினெட்டு நாளையும் அவங்க ஆறு வருஷத்தையும் கணக்குப் போட்டு எழுதிடலாம்."

"அவங்களுக்கு பேட்ஜ் தர முடியாதுன்னு சொன்னீங்களே சார்."

"தொழிலாளிக்குத்தான் தர வழியில்லை. மாதிரி எடுக்கிறதுக்கு வழி இருக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் ஷெட்டுக்குப் போனாள். ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றார்கள்.

"எம்புட்டு வந்துருக்கு?" என்றாள் சுயம்புக்கனி.

"ஒண்ணும் வரலக்கா. அங்க ஆளே இல்லங்குது."

சுயம்புக்கனி முகத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். கண் சரியாகத் தெரியாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"அப்ப அது ஒன்னையும் எங்ககூடச் சேத்துட்டு."

மூன்று மாதக் கதையையும் ஜெனோவா ஒளிக்காமல் சொன்னாள். ஓட்டை திறந்தே இருக்க வேண்டும். கேன் அடுக்கக் கூடாது. தினமும் அதே இடத்தில் உட்கார வேண்டும், இந்தத் தடவை தெரிந்தே உட்கார வேண்டும். ஏறுவது ஏறத்தான் செய்யும்.

"அந்த மூணு மாசத்துக்குள்ள எங்கண்ணு பூராவும் போயிருமா?"

"தெரியாதுக்கா. போகலாம்."

"கேன அடுக்கிட்டா?"

"நாளையில இருந்து ஒண்ணும் ஏறாது. ஆனா ஏறுனது ஏறுனதுதான். அதுக்கு ஆதாரம் இருக்காது. வைத்தியமும் வராது. இதேபோல வேற எங்க வெள்ளையா விட்டிருக்கான்னும் யாரும் தேட மாட்டாவ."

ஜெயசெல்வி போய் வாசலில் நின்றுகொண்டாள். ரெக்ஸினா கேன்டீன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே வெளியே காலி கேன்கள் வெயிலில் மின்னின. குழாயிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. யாரும் போய் மூடவில்லை.

சுயம்புக்கனி மட்டும் தன் ஸ்டூலை இழுத்து, பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். நெஞ்சில் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கு மாட்டு. இவளுவள உக்காருங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அவளுவளுக்கு நீ சொல்லு."

ஜெனோவா பெட்டியைத் திறந்து ஒரு பேட்ஜைக் கையில் எடுத்தாள். ஊக்கைத் திறந்தவள் அப்படியே நிற்கிறாள். ஒரு ஆளின் மாதிரி மட்டும் போதாது, ஆறு பேரும் வேண்டும். இவள் கேட்டால் மற்ற ஐந்து பேரும் உட்கார்ந்துவிடுவார்கள், அது அவளுக்குத் தெரியும். கேட்காமல் கேன்களைத் தூக்கப் போனால் அதற்கும் கூட வருவார்கள்.

அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்த ஊக்கைக் குத்துவீர்களா, கேனைத் தூக்குவீர்களா? ஏன் என்றும் சேர்த்துச் சொல்லுங்களேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?